சைலன்சரை மாற்றுதல்: ஒரு வினைச்சொல்லும் அதன் வரலாறும்

சென்ற மாதம், நான் ஆய்வு செய்யும் மத்திய இந்திய நகரத்தில், போக்குவரத்துக் காவலர் ஒருவர் என் வண்டியை நிறுத்தி, "சைலன்சர் பத்லா ஹை?" என்று வினவினார். ஆம் என்றேன். அது உண்மை. பதினோரு ஆண்டு ஓடிய வண்டி. சைலன்சரின் அடிப்பகுதி துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. அதே மாதிரிக்கு உரிய அசல் உதிரியை வாங்கி விடுதி முற்றத்தில் நானே பொருத்தியிருந்தேன். என் விடையைக் கேட்டதும் அவர் அபராதக் கருவியைக் கையில் எடுத்தார். இருபது நிமிட விளக்கத்துக்குப் பின் எஞ்சினை இயக்கச் சொல்லி, குனிந்து கேட்டு, போகச் சொன்னார்.

அவரும் தவறாகக் கேட்கவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. சிக்கல் வினைச்சொல்லில் இருந்தது. இந்தியின் 'பதல்னா', தமிழின் 'மாற்று' ஆகிய இரண்டும் ஒன்றை எடுத்துவிட்டு அதற்கு ஈடானதை வைப்பதையும் குறிக்கும். ஒன்றன் இயல்பையே வேறாக்குவதையும் குறிக்கும். சட்டம் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. அன்றாட மொழி வேறுபடுத்துவதில்லை. ஒரு காலத்தில் உரிமையாளரின் கடமையாக இருந்த செயல் இன்று ஐயத்துக்கு உரியதாக மாறிய வரலாறு இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

முதலில் பெயர்கள். வண்டியின் இவ்வுறுப்பை அமெரிக்கர் 'மஃப்ளர்' என்பர். நமக்கு மஃப்ளர் என்றால் கழுத்தைச் சுற்றும் கம்பளித் துணி. உறுப்புக்கு நாம் வழங்குவது பிரித்தானிய வழக்கான 'சைலன்சர்'. அதே சொல் துப்பாக்கியின் ஒலியடக்கிக்கும் உரியது. வண்டியின் பெயரை மட்டும் பல மொழிகள் அதன் ஓசையிலிருந்தே ஆக்கிக்கொண்டன. மராத்தியிலும் இந்தியிலும் மோட்டார் சைக்கிள் 'ஃபட்ஃபடி', குஜராத்தியில் 'ஃபட்ஃபடியு', வங்காளத்தில் எஞ்சின் பூட்டிய நாட்டுப்படகு 'பட்பட்டி'. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இராணுவம் கழித்த மோட்டார் சைக்கிள்களை ஆட்டோக்களாக்கி டெல்லி சாந்தினி சௌக் பகுதியில் ஓட்டியபோது, மக்கள் அவற்றையும் 'ஃபட்ஃபட்' என்றே அழைத்தனர். மாசுக் கட்டுப்பாட்டின் பெயரால் 1990களின் இறுதியில் அவை சாலையை விட்டு நீங்கின. அடக்க வேண்டிய ஓசையே வண்டிக்கு அடையாளமானது என்பதற்கு இப்பெயர்கள் சான்று.

அடுத்து, கை அறிந்த செய்தி. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஜாவா உற்பத்தி தொடங்கியது. அதன் வழிவந்ததே யெஸ்டி. போலந்து வடிவமைப்பைத் தழுவிய ராஜ்தூத்தும் 1985இல் அறிமுகமான யமஹா ஆர்எக்ஸ் 100உம் நாடெங்கும் பரவின. புல்லட் நீங்கலாக இவையனைத்தும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் பெட்ரோலுடன் எண்ணெயும் சேர்ந்து எரியும். எரியாத எண்ணெய் சைலன்சருக்குள் கரியாகப் படியும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் குழாய் அடைத்து, வண்டி இழுவை இழக்கும்.

ஆகவே சைலன்சரைத் திறப்பது அக்கால உரிமையாளரின் வழக்கமான பராமரிப்பு. பின்முனைத் திருகைக் கழற்றினால் உள்ளிருக்கும் துளைக்குழாயான 'பேஃபிள்' கைக்கு வரும். அதைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைப்பர், அல்லது நெருப்பிலிட்டுக் கரியை உதிர்ப்பர். முன்பக்க இணைப்பில் புதிய கேஸ்கெட் இட்டு, எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் தளர்வாக மாட்டி, எஞ்சின் பக்கத்தை முதலிலும் சட்டகப் பக்கத்தை இறுதியிலும் இறுக்குவர். வரிசை தவறினால் குழாய் இழுபட்ட நிலையில் நின்று, அதிர்வில் விரிசல் காணும். சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பர். ஞாயிற்றுக்கிழமை முற்றங்களில் தந்தையரிடமிருந்து மக்களுக்குச் சென்ற இவ்வறிவு பெரும்பாலும் எழுதப்படாத அறிவு.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இக்குழாய் ஓசையை அடக்குவதற்கு மட்டும் உரியதன்று. வெளியேறும் அழுத்த அலை குழாயின் குறுகும் பகுதியில் பட்டுத் திரும்பி, தப்பிச் செல்லும் புதுக்கலவையைச் சிலிண்டருக்குள் மீண்டும் தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950களில் இந்நுட்பத்தை வளர்த்தார். 1961இல் அதன் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பியபோது அந்த அறிவு ஜப்பானின் சுசுகியை அடைந்தது. அடுத்த ஆண்டே 50 சிசி பிரிவில் உலகப் பட்டத்தை அவர் சுசுகிக்கு ஈட்டித் தந்தார். இந்த விரிவறையை ஆங்கிலம் 'எக்ஸ்பான்ஷன் சேம்பர்' என்கிறது. நமது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 120ஆம் விதியும் சைலன்சரை வரையறுக்கையில் அதே தொடரை ஆள்கிறது. ஆனால் அங்கு அது ஓசையைக் குறைக்கும் வழி. பட்டறைக்கு வேகம் தருவதும் சட்டத்துக்கு அமைதி தருவதும் ஒரே பெயர்! குழாயை 'மாற்றினால்' வண்டி பறக்கும் என்னும் நம்பிக்கைக்கு டூ ஸ்ட்ரோக் காலத்தில் ஓர் இயற்பியல் அடிப்படை இருந்தது. ஃபோர் ஸ்ட்ரோக் அன்றாட வண்டிகளில் அப்பயன் மிகச் சிறிது. நம்பிக்கை மட்டும் எஞ்சியது.

மூன்றாம் கட்டம் நுரையீரலின் வரலாறு. 1991இல் தொடங்கி, 1996, 2000 ஆண்டுகளில் இறுகிய புகை விதிகள் டூ ஸ்ட்ரோக்கைப் படிப்படியாக வெளியேற்றின. ஆர்எக்ஸ் 100 1996இல் நின்றது. மைசூர் ஆலை மூடியதும் அதே ஆண்டுதான். 2017 ஏப்ரலில் பிஎஸ் 4, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தன. இப்போது புகைக்குழாயில் பிளாட்டினம் வகை உலோகங்கள் பூசிய வினையூக்கி மாற்றி இருக்கிறது. பல வண்டிகளில் அது சைலன்சருக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஆக்சிஜன் உணரி அருகில் நின்று கலவையைத் திருத்துகிறது. திருகைக் கழற்றிக் கரி உதிர்க்கும் உறுப்பு முற்றிலும் பற்றவைத்து மூடிய உறுப்பாயிற்று. இன்று சந்தையிலிருந்து ஒரு திறந்த குழாயை வாங்கி வீட்டில் பூட்டுபவர் பலநேரம் வினையூக்கியையும் சேர்த்தே கழற்றி எறிகிறார்; ஓசை கூடுவது காதுக்குத் தெரியும், கார்பன் மோனாக்சைடு கூடுவது தெரியாது.

நான்காவது, காதின் வரலாறு. வண்டி ஆலையை விட்டு வெளிவரும்போது 80 முதல் 175 சிசி வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல் என்பது வரம்பு. டெசிபல் மடக்கை அளவு. பத்து கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்காகும். பேஃபிள் நீக்கிய புல்லட் இவ்வரம்பை எளிதில் மீறும். துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிகள் வழங்கிப் பெயர்பெற்ற நிறுவனத்தின் வண்டி, 'தோட்டா' எனப் பெயர் சூடி, வட இந்தியத் தெருக்களில் 'படாக்கா' வெடிப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கேட்பவருக்கு அது அச்சம். மருத்துவமனை வாயிலிலும், தேர்வுக்குப் படிப்பவர் சன்னலிலும், பெண்கள் தனியே நடக்கும் சந்திலும் அந்த ஓசை 'இத்தெரு எனது' என்று அறிவிக்கிறது. 2021இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் இத்தகைய சைலன்சர்களின் இரைச்சலைத் தாமாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பறிமுதல் செய்த குழாய்களைக் காவல்துறையினர் ரோடு ரோலர் ஏற்றி நசுக்குவது இன்று பல நகரங்களில் வழக்கமான காட்சி.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு 'ஆல்ட்டரேஷன்' என்பதை, வண்டியின் அடிப்படைத் தன்மையை வேறாக்கும் கட்டமைப்பு மாற்றம் என விளக்குகிறது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை விலக்க இயலாது என்று கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, ஒலி, காற்று மாசுத் தரங்களை மீறுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பாகங்களைப் பூட்டி வண்டியைத் திரிக்கும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கத் தனிப்பிரிவு உண்டு.

கவனிக்க: யார் கையால் மாற்றினார் என்பது இவற்றில் எங்கும் இல்லை. துருவேறியதை நீக்கி அதே தரத்தை வைப்பது குற்றமன்று. முற்றமும் ஸ்பேனரும் குற்றக் கருவிகள் அல்ல. இரைச்சலும் நச்சுப்புகையுமே குற்றம். நடைமுறையிலோ, ஒலிமானி இல்லாத சாலையோரத்தில் கேள்வி ஒரு வினைச்சொல்லாகச் சுருங்குகிறது. அங்கு உண்மை சொல்பவர் தண்டிக்கப்படலாம். அமைதியான குழாய் போலத் தோன்றும் வினையூக்கியற்ற குழாய் தப்பிவிடலாம்.

மொழியியல் மாணவனாக எனக்குத் தோன்றுவது இது. 'பழுதுக்கு ஈடுவைத்தல்', 'தன்மை திரித்தல்' என்னும் இருவேறு செயல்களுக்குச் சட்டத் தமிழிலேனும் இருவேறு சொற்கள் வேண்டும். ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால், தெருவின் காதைக் காக்க எழுந்த விதி வீட்டு முற்றத்தின் கையறிவையும் சேர்த்து நசுக்கும். பொன்னின் தரத்தையும் நாம் 'மாற்று' என்கிறோம்; மாற்றுக் குறையாமல் மாற்றுவதும் இயலும். அன்று அந்தக் காவலர் இறுதியில் செய்தது அதைத்தான்: சொல்லை விட்டுவிட்டு, குனிந்து ஓசையைக் கேட்டார்.