கேஷ் நம்ம காசா?

"இங்கிலீஷ் கேஷ் நம்ம காசுல இருந்து போனதுதான்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பாதி சந்தோஷம், பாதி சங்கடம். ஏன்னா, அது பாதிதான் உண்மை.

ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பில் இரண்டு கேஷ் உண்டு. கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷுக்கு மூலம் லத்தீன் 'கப்ஸா'. பெட்டி என்று பொருள். இத்தாலியிலும் பிரான்சிலும் புழங்கி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்தது. அப்புறம் பெட்டிக்குள் இருக்கும் பணத்தையே குறித்தது. கேப்ஸ்யூல் கூட இதற்குப் பங்காளிதான்.

இன்னொரு கேஷ், சின்ன நாணயம். இதுதான் நம்ம காசு. போர்ச்சுகீசியர் வாயில் 'கைஷா' ஆகி (அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல்!) ஆங்கிலத்துக்குப் போனது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சீனாவின் சதுர ஓட்டை நாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தார்கள்.

1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், சென்னைக்கு வரவேண்டிய செப்புக் காசுகளோடு இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் மூழ்கியது. பிற்பாடு மீட்டெடுத்த அந்த 1808ஆம் வருஷத்து நாணயத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்', பாரசீகத்தில் 'காஸ்' என இரண்டும் இருக்கின்றன.

பெருமைப்பட இதுவே போதுமே. லத்தீன்காரன் பெட்டியையும் நம்மதுன்னு தூக்கினால், கேட்கிறவர் உண்மையான பாதியையும் நம்பமாட்டார்.