கால்பந்து, உதைபந்து, காற்பந்து: ஒரே ஆட்டம், மூன்று தமிழ்ப் பெயர்கள்

சென்ற மாதம் என் கட்டுரையொன்றின் படி மதிப்பீட்டாளரிடமிருந்து திரும்பி வந்தது. யாழ்ப்பாணப் பள்ளி வாழ்வைப் பற்றிய ஒரு பத்தியில் நான் எழுதியிருந்த ‘உதைபந்தாட்டம்’ என்ற சொல் அடிக்கப்பட்டு, மேலே ‘கால்பந்து’ என்று எழுதப்பட்டிருந்தது. ஓரத்தில் காரணமும் இருந்தது: வட்டார வழக்கு, பொதுவழக்கைப் பயன்படுத்துக. ஒரு நாட்டுத் தமிழர் நாளிதழிலும் பள்ளியிலும் மைதானத்திலும் தலைமுறைகளாக வழங்கிவரும் சொல் எவ்வாறு வட்டார வழக்காகும்? மதிப்பீட்டாளருக்கு நான்கு வரியில் விடை எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுவிட்டதால் இங்கே இடுகிறேன்.

இந்த ஆட்டத்துக்கு நாட்டுக்கு நாடு பெயர் மாறுவதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே, ‘ஃபுட்பால்தான் சரி, சாக்கர் என்பது அமெரிக்கர் செய்த குழப்பம்’ என்று சொல்பவர்கள் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. ‘சாக்கர்’ இங்கிலாந்தில் பிறந்த சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘ஃபுட்பால்’ என்பது ஒரு குடும்பப் பெயராகவே இருந்தது. ஒவ்வொரு பெரிய பள்ளியும் தனக்கென ஒரு விதிமுறை வைத்திருந்தது. 1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்னும் விடுதியில் சில கழகங்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதையும் எதிராளியின் காலில் உதைப்பதையும் அனுமதிப்பதா என்னும் சச்சரவில் பிளாக்ஹீத் கழகம் விலகியது. ஏந்தி ஓடும் கட்சியினர் 1871இல் தமக்கெனத் தனி அமைப்பு கண்டனர். அதன்பின் ஒன்று ‘அசோசியேஷன் ஃபுட்பால்’, மற்றொன்று ‘ரக்பி ஃபுட்பால்’. சொல்லைத் தறித்து வாலில் ‘-அர்’ ஒட்டுவது அக்கால ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குறும்பு. ரக்பி ‘ரக்கர்’ ஆயிற்று. அசோசியேஷனின் வயிற்றிலிருந்து ‘சாக்’ என்னும் துண்டு பிடுங்கப்பட்டுச் ‘சாக்கர்’ ஆயிற்று. 1904இல் பாரிசில் தோன்றிய ஃபிஃபாவின் பெயரில் கடைசி எழுத்து இன்றும் அந்த ‘அசோசியேஷனை’த்தான் குறிக்கிறது.

அடைமொழியற்ற வெறும் பெயர் யாருக்குக் கிடைக்கும் என்பதை அவ்விடத்தில் செல்வாக்குப் பெற்ற ஆட்டமே முடிவுசெய்தது. அமெரிக்காவில் கல்லூரிகள் வளர்த்த, பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம் ‘ஃபுட்பால்’ என்னும் இருக்கையில் முதலில் அமர்ந்துவிட்டது. 1913இல் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ஃபுட்பால் அசோசியேஷன்’ என்று தொடங்கிய அமைப்பு 1945இல் பெயருக்குள் ‘சாக்கர்’ என்பதைச் சேர்த்துக்கொண்டது. 1974இல் ‘ஃபுட்பால்’ என்பதையே விட்டுவிட்டது. அயர்லாந்தில் கேலிக் ஆட்டமும், மெல்போர்ன் பகுதியில் 1859இலேயே விதி வகுக்கப்பட்ட ஆஸ்திரேலிய ஆட்டமும் அதே இருக்கையைப் பிடித்தன. ஆஸ்திரேலிய அமைப்பு 2005இல் ‘ஃபுட்பால்’ என்னும் பெயருக்கு மாறியும், தேசிய அணியை மக்கள் இன்னும் ‘சாக்கரூஸ்’ என்றே அழைக்கின்றனர். இங்கிலாந்து நாளிதழ்கள் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ‘சாக்கர்’ என்பதைக் கூச்சமின்றிப் பயன்படுத்தின. 1980களுக்குப் பின்னரே அச்சொல் அங்கே அமெரிக்க வாடை அடிப்பதாகத் தோன்றத் தொடங்கியது. பெற்றவர் கைவிட்டார், வளர்த்தவர் வைத்துக்கொண்டார், பின்பு பெற்றவரே அதை அயலார் பிள்ளை என்றார். இந்த இடத்தை நினைவில் வையுங்கள்; தமிழில் இதற்கு ஒரு நிகர் உண்டு.

அதற்கு முன் நான் வசிக்கும் இடத்தைச் சற்றுப் பார்க்கலாம். காக்கநாட்டிலிருந்து கலூர் மைதானம் தொலைவில்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் அணி அங்கே ஆடும் நாள்களில் பேருந்தில் மஞ்சள் சட்டைகள் நிறையும். ‘இன்னு களியுண்டோ’ என்னும் கேள்வி காதில் விழும். என்ன களி என்று எவரும் கேட்பதில்லை. (தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த நண்பர் ஒருவருக்குக் கேழ்வரகுக் களிதான் நினைவுக்கு வந்தது.) வடக்கே மலப்புறத்தில், எழுவர் ஆடும் ‘செவன்ஸ்’ வேரூன்றிய மண்ணில், ‘பந்துகளி’ என்றாலே கால்பந்துதான். கோட்டயம் பக்கத்திலோ கையாலும் காலாலும் பந்தை அடித்தாடும் பழைய உள்ளூர் ஆட்டம் ஒன்று உண்டு. அதை இன்று ‘நாடன் பந்துகளி’ என்கின்றனர். வெறும் ‘பந்துகளி’யாக இருந்ததற்குப் புதியவர் வரவால் ‘நாடன்’ என்னும் அடைமொழி ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் பழைய ஆட்டம் வெறும் பெயரைக் காத்துக்கொண்டது, இங்கே புதிய ஆட்டம் அதைப் பறித்துக்கொண்டது.

தமிழுக்கு வருவோம். இங்கே போட்டி ஆட்டம் ஏதுமில்லை. ஆயினும் தமிழ்நாட்டில் கால்பந்து, இலங்கையில் உதைபந்தாட்டம், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காற்பந்து என்று மூன்று பெயர்கள். ஆகவே, இருக்கை யாருக்கு என்னும் விளக்கம் இவ்விடத்தில் உதவாது.

முதலில் ஒன்று. தமிழ் மரபில் ‘பந்து’ என்பது கையில் இருக்கும் பொருள், அதிலும் பெண்களின் கையில். சிலப்பதிகாரத்தின் கந்துகவரி பெண்கள் பந்தாடும் பாட்டு. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தடித்துக்கொண்டேதான் நமக்கு அறிமுகமாகிறாள். இந்தப் பின்னணியில் புதிய ஆட்டத்தை வெறும் பந்தாட்டம் என்று விட்டுவிட முடியாது, கையிலிருந்து பிரித்துக் காட்டியாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. உறுப்பைச் சொல்லலாம், அல்லது செயலைச் சொல்லலாம். தமிழ்நாடு உறுப்பைச் சொன்னது, இலங்கை செயலைச் சொன்னது. ‘உதைபந்து’ இலக்கணப்படி ஒழுங்கான வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போன்றது. இடையில் ‘ப்’ இட்டு ‘உதைப்பந்து’ என்று எழுதுவோர் ‘உதை’யைப் பெயர்ச்சொல்லாகக் கொள்கின்றனர்.

இதே பிளவு கிழக்காசியாவிலும் உண்டு. சீனர் ‘கால்’, ‘பந்து’ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தனர். கொரியரும் போருக்கு முந்தைய ஜப்பானியரும் ‘உதை’, ‘பந்து’ என்னும் எழுத்துகளைச் சேர்த்தனர். (கொரியச் சொல் தமிழ்ச் செவிக்குச் ‘சுக்கு’ என்றே கேட்கும்.) ஜப்பானில் 1946இல் அரசு வகுத்த பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலில் ‘உதை’யைக் குறிக்கும் எழுத்து இடம்பெறவில்லை, ‘சாக்கா’ என்னும் கடன்சொல் அங்கே நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அண்டை மொழியைப் பார்த்துப் பெயர் வைத்திருப்பார்கள் என்று நானும் முதலில் எண்ணினேன். சிங்களச் சொல் ‘பாபந்து’. ‘பா’ என்பது பாதம், ஆகவே அது ‘கால்பந்து’. அதன் அருகில் வாழும் தமிழரோ ‘உதைபந்து’ என்கின்றனர். மலாய்ச் சொல் ‘போலா செப்பாக்’. போலா, போர்த்துகீசியர் விட்டுச்சென்ற பந்து, செப்பாக், உதை. அதன் அருகில் வாழும் தமிழரோ ‘காற்பந்து’ என்கின்றனர். இரண்டு நாடுகளிலும் தமிழ், அண்டை மொழிக்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறது!

என் கணிப்பில், விடை ஆட்டத்திலோ அண்டை மொழியிலோ இல்லை, அச்சகத்திலும் பள்ளியிலும் இருக்கிறது. கொழும்பில் வீரகேசரி 1930இல் தொடங்கியது, சென்னையில் தினமணி 1934இல், சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு 1935இல். ஆறே ஆண்டுகளுக்குள் மூன்று ஆசிரியர் குழுக்கள் மூன்று வாசகர் கூட்டங்களுக்காகத் தனித்தனியே அன்றாடம் எழுதத் தொடங்கிவிட்டன. பள்ளிகளும் தனித்தனி. அதனால்தான் வேறுபாடு ஒரு சொல்லோடு நிற்கவில்லை. வாலிபால் தமிழ்நாட்டில் கைப்பந்து, இலங்கையில் கரப்பந்தாட்டம். கிரிக்கெட் இலங்கையில் துடுப்பாட்டமும் ஆகிறது. தமிழ்நாட்டில் காலுக்கு எதிராகக் கை நின்றது. ‘கைப்பந்து’ என்னும் இருக்கையில் வாலிபால் அமர்ந்துவிட்டதால், உண்மையிலேயே கையால் எறிந்து ஆடும் ஹேண்ட்பாலுக்குச் செய்தி எழுதுவோர் இன்றும் திண்டாடுகின்றனர். போட்டியில்லை என்று மேலே சொன்னேன். இந்த ஒரு மூலையில் உண்டு.

இனி காற்பந்து. கால் என்பதன் லகரம் பகரத்தைச் சந்திக்கிறது. காலால் ஆடும் பந்து என்று விரிப்பதால் இது வேற்றுமைத் தொகை; நன்னூல் விதிப்படி லகரம் றகரமாகத் திரிய வேண்டும், நெற்கதிர், கற்சிலை போல. ஆகவே மரபிலக்கணம் கேட்கும் வடிவம் காற்பந்துதான். தமிழ்நாட்டு எழுத்து கடந்த பல பத்தாண்டுகளில் இத்திரிபைப் புதுச்சொற்களில் கைவிட்டுவிட்டது: காற்சட்டை கால்சட்டையாயிற்று, பாற்குடம் பால்குடமாயிற்று. மலையாளம் மூன்றாவது வழியில் போய், லகரத்தை அப்படியே வைத்துப் பகரத்தை இரட்டித்துக் ‘கால்ப்பந்து’ என்கிறது.

சிங்கப்பூர், மலேசியத் தமிழ் இதழியலை வளர்த்தவர்களில் பலர் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். அவர்கள் கப்பலேறிய காலத்தில் றகரத் திரிபு தமிழக எழுத்திலும் உயிரோடு இருந்தது. ஊரில் அது தேய்ந்தது, கடல் கடந்த இடத்தில் நாளிதழும் பாடநூலும் அதைத் தாங்கிப் பிடித்தன. சென்ற ஆண்டு தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் சிங்கப்பூர்ச் செய்தியொன்றைப் படித்துவிட்டு, ‘காற்பந்து என்றால் காற்றடைத்த பந்தா?’ என்று என்னைக் கேட்டார். சாக்கருக்கு நடந்தது இதுவே.

இதெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தமிழ்த் தரவகத்தில் ‘கால்பந்து’ என்று மட்டும் தேடும் ஆய்வாளருக்கு யாழ்ப்பாணத்து ஆட்டங்களோ சிங்கப்பூர்ச் செய்திகளோ கிட்டுவதில்லை. அவர் எழுதும் ‘தமிழர் கால்பந்து வரலாறு’ தமிழ்நாட்டு வரலாறாகச் சுருங்கும், சுருங்கியது அவருக்கே தெரியாது. பொதுவழக்கு என்று ஓரத்தில் எழுதும் பேனாவும் அதே வேலையைச் செய்கிறது.

மதிப்பீட்டாளருக்கு இவற்றைச் சுருக்கி எழுதி அனுப்பினேன். பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். உதைபந்தாட்டம் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. ஆனால் விளக்கத்துக்காக நான் சேர்த்திருந்த அடிக்குறிப்பில் இப்போது ‘காற்பந்து’ அடிக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் ஒரே சொல்: எழுத்துப்பிழை.