டார்ச் விளக்கு வாங்கிய ஒப்புதல்

கரண்டு போன இரவில் செருப்பைத் தேடக் கைபேசியின் டார்ச்சைத் தட்டும்போதெல்லாம் எனக்கு ஓர் அமெரிக்க வழக்கு ஞாபகத்துக்கு வரும்.

இப்போது அந்த விளக்கு போனோடேயே வருகிறது. முன்பு ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த பலர் அதற்கென்று தனிச் செயலி இறக்கிக்கொண்டார்கள். 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்' அப்படி ஒன்று. இலவசம் என்பதால் கோடிக்கணக்கில் இறக்கினார்கள். அதுவோ, ஆள் எங்கே இருக்கிறார் என்பதை விளம்பரக் கம்பெனிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் தனியுரிமை அறிவிப்பில் இதைப் பற்றி மூச்சே இல்லை. 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு பொத்தான்கள் திரையில் வரும்; நாம் எதையும் தொடுமுன்பே விவரம் போய்ச் சேர்ந்திருக்கும்! 2013 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் பிடித்தது. திரட்டிய விவரங்களை அழிக்க வேண்டும், இனி இருப்பிடத்தை எப்போது, எதற்காக எடுக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

உண்மையாகவே எழுதியிருந்தாலும் யார் படித்திருப்பார்கள்? பார்க்கும் இணையதளங்களின் அறிவிப்புகளையெல்லாம் ஒருவர் படித்தால் ஆண்டுக்குச் சுமார் 200 மணி நேரம் ஆகும் என்று 2008-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் கணக்குப் போட்டார்கள். நான் வேலை பார்த்த பத்திரப்பதிவு அலுவலகத்தில், கைநாட்டு வைப்பவருக்கு முதலில் பத்திரத்தைப் படித்துக் காட்டுவோம். போனில் யார் படித்துக் காட்டுவது?

அதே பல்கலைக்கழகத்தார் 2009-இல் ஒரு வழி சொன்னார்கள். 1990-இல் வந்த சட்டத்தால் அமெரிக்க உணவுப் பொட்டலங்களில் மாவுச்சத்து இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று கட்டம் போட்டு அச்சிடுகிறார்களே, அதே மாதிரி எந்த விவரம், எதற்காக என்று ஒரே கட்டத்தில் காட்டலாமே என்றார்கள். 2020 டிசம்பரில் ஆப்பிள் தன் செயலிக் கடையில் அப்படிப்பட்ட சீட்டைக் கட்டாயமாக்கியது. 2022-இல் கூகுளும் வந்தது. ஒரு ஓட்டை: அந்தச் சீட்டை நிரப்புவது செயலிக்காரரேதான். 2021 தொடக்கத்தில் வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர் ஒருவர் சோதித்தபோது, 'எதுவும் எடுப்பதில்லை' என்று எழுதியிருந்த சிலவும் எடுத்துக்கொண்டிருந்தன.

நம் நாட்டில் 2023-இல் இதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஏதேனும் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும் என்கிறது அது. என் போனிலுள்ள செயலிகளில் தமிழ் அறிவிப்பை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்றில் அகப்பட்டது.