அந்த மாத்திரை

ஊருக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது சித்தூரிலிருந்து அண்ணி போன் செய்தார். "தரிசன டிக்கெட் எடுத்தாச்சும்மா. தேதிய பாத்துக்கோ. இல்லன்னா அந்த மாத்திரைய போட்டுக்கோ."

எந்த மாத்திரை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திருமலை டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பே எடுக்க வேண்டும். தூரமானால் மலையேறக் கூடாது என்பார்கள். நமக்கோ லீவு மூன்றே வாரம். தேதி நகராது, உடம்புதான் நகர வேண்டும்!

மாத்திரையின் பெயர் நாரெதிஸ்டிரோன். 5 மி.கி., நாளைக்கு மூன்று வேளை, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்து. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். "இது கருத்தடை மாத்திரை இல்லையே, சும்மா தள்ளிப்போடத்தானே" என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். (இப்படிச் சில நாள் போடுவது கருத்தடைக்கு உதவாது என்பது உண்மைதான்.) ஆனால் பூர்வீகம் ஒன்றுதான்.

1951 அக்டோபர் 15 அன்று மெக்சிகோ நகரில், சின்டெக்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற 26 வயது இளைஞர் இதைத் தயாரித்தார். கார்ல் ஜெராசியும் ஜார்ஜ் ரோசன்கிரான்ஸும் அவருடைய மேலதிகாரிகள். அந்தக் கம்பெனியின் ஹார்மோன்களுக்கு மூலப்பொருள் மெக்சிகோ காட்டுக் கிழங்கு, நம் பெருவள்ளிக் கிழங்குக்கு ஒன்றுவிட்ட உறவு. 1957-ல் அமெரிக்காவில் இது மாதவிலக்குக் கோளாறுக்கான மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. அதே வருடம், அதே காரணத்துக்கு வந்த இன்னொரு மாத்திரை எனோவிட். அதற்குத்தான் 1960-ல் முதல் கருத்தடை மாத்திரை என்ற பெயர் கிடைத்தது. நாரெதிஸ்டிரோனும் சீக்கிரமே கருத்தடை மாத்திரைக்குள் போய்ச் சேர்ந்தது.

1961-ல் லான்செட் இதழுக்கு ஒரு ஆங்கிலேய டாக்டர் எழுதினார். எனோவிட் சாப்பிட்ட நர்ஸ் ஒருவருக்கு நுரையீரலில் ரத்தம் கட்டிக்கொண்டது. அவர் அதைச் சாப்பிட்டது கருத்தடைக்காக அல்ல, கர்ப்பப்பைப் பிரச்சினைக்காக! 1969-ல் பிரிட்டன், ஈஸ்ட்ரோஜன் 50 மைக்ரோகிராமுக்கு மேல் உள்ளவை வேண்டாம் என்றது. 1970-ல் அமெரிக்க செனட்டில் நெல்சன் குழு விசாரணை நடத்தியபோது, மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூட சாட்சிக்குக் கூப்பிடவில்லை. பார்வையாளர் பகுதியிலிருந்த பெண்கள் எழுந்து கத்தினார்கள். அந்த அமளியின் பலன், மாத்திரைப் பாக்கெட்டுக்குள் வைக்கும் எச்சரிக்கைத் தாள்.

நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் அட்டையைக் கத்தரித்து ஒன்பது மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்களே, அதில் அந்தத் தாள் வருவதில்லை. டாக்டர் சீட்டையும் யாரும் கேட்பதில்லை.

நாரெதிஸ்டிரோனில் ஈஸ்ட்ரோஜன் இல்லை என்றாலும், உடம்புக்குள் போனதும் அதில் கொஞ்சம் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலாக மாறுகிறது. நாளைக்கு 10 முதல் 20 மி.கி. என்றால், 20-30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிட்ட மாதிரி. கருத்தடை மாத்திரை சாப்பிடும் 10,000 பெண்களில் வருடத்துக்கு 5 முதல் 12 பேருக்கு ரத்தம் கட்டுகிறது, சாப்பிடாதவர்களில் 2 பேருக்கு. சில நாளுக்குப் போட்டுக்கொள்ளும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நாம் அதைப் போட்டுக்கொண்டு இருபது மணி நேரம் விமானத்தில் காலை மடக்கி உட்கார்ந்து வருகிறோம். அதுவே தனியாக ஒரு ரிஸ்க். பிரஷர், அதிக எடை, சிகரெட், கண்ணில் மின்னல் வெட்டும் ஒற்றைத் தலைவலி, சமீபத்திய பிரசவம், வீட்டில் யாருக்காவது ரத்தம் கட்டியது... இதில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. போட்ட பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

என் அம்மாவுக்குத் தம்பி பிறந்த சமயம் காலில் ரத்தம் கட்டியிருந்தது. இங்கே டாக்டரிடம் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார்.

அண்ணிக்குப் போன் போட்டு, தேதி தப்பினால் அவரும் பையனும் மட்டும் மலைக்குப் போகட்டும் என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"எனக்கு பிரஷர் இருக்கேம்மா," என்றார். "போன வருஷம் நானும் போட்டுக்கிட்டுத்தானே போனேன்."