இராமசாமி என்னும் பெயர்

நம் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டன்மார்களின் பெயர்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். முனுசாமி, குப்புசாமி, கந்தசாமி, பெரியசாமி என்று வரிசையாக வரும். அந்த வரிசையில் அடிக்கடி காதில் விழும் பெயர் இராமசாமி. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

இராமன் என்றால் மகிழ்விப்பவன் என்று பொருள் கூறுவர். சாமி என்பது ‘ஸ்வாமி’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். உடையவர், தலைவர் என்பது அதன் பொருள்.

19ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம்மவர்கள் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் தாய் தந்தையர் இட்ட பெயர் இருந்தது. ஆனால், ஆங்கிலேயர் பேச்சில் தென்னாட்டுத் தொழிலாளி யாராயினும் ‘ராமசாமி’தான். 1886இல் வெளிவந்த ‘ஆப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதி இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறது. இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களையும் அப்படியே அழைத்தார்களாம். சுருட்டுப் பற்றவைக்கும் பஞ்சுத் திரிக்கும் அதே பெயர் வழங்கியதாக அந்த அகராதி கூறுகிறது. மனிதனின் பெயர் ஒரு பண்டத்தின் பெயராகிவிட்டது!

தென்னாப்பிரிக்காவிலும் இதே கதைதான். 1893இல் அங்கே சென்ற காந்தியடிகள், வெள்ளையர் நம்மவரைச் ‘சாமி’ என்று இகழ்ந்ததைத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். விவரமறிந்தவர்கள், “சாமி என்றால் எசமான். நான் உமக்கு எசமான் அல்லவே!” என்னும் கருத்தில் திருப்பிக் கேட்பார்களாம்.

பெயரில் மரியாதை வேண்டும் என்ற எண்ணம் தமிழகத்திலும் வலுத்தது. பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பினாங்குக்குக் கப்பலில் வந்து இறங்கினார் பெரியார். அவர் பெயரும் ஈ. வெ. இராமசாமிதான். கூலிக்கு அடையாளமாக இருந்த பெயரை, அதே துறைமுகத்தில் மக்கள் மாலையிட்டு வரவேற்றார்கள். பிற்காலத்தில் பேராசிரியர் பி. இராமசாமி 2008 முதல் 2023 வரை பினாங்கு மாநிலத் துணை முதலமைச்சராக இருந்தார்.

இன்று பிள்ளைகளுக்கு இப்பெயரை இடுவோர் குறைவு. ஆயினும், அடையாள அட்டையில் ‘அனாக் லெலாக்கி’ என்பதற்குப் பின்னால் தந்தையின் பெயராக அது இன்னும் பலருக்கு இருக்கிறது. அதைப் பழைய பெயர் என்று பிள்ளைகள் கூச்சப்படலாம். அப்போது அதன் பொருளை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். செக்ரோலில் எழுதப்பட்ட அந்த மனிதர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் காட்டை அழித்துத் தோட்டமாக்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.