நீலியின் வழக்கும் திரையின் யட்சியும்

முன்னுரை

ஐரோப்பாவில் 1950களின் இறுதி தொடங்கி 1970களின் நடுப்பகுதி வரை, பாழடைந்த கோட்டை, கல்லறை, குருதி குடிக்கும் அழகி ஆகியவற்றைக் கொண்டு அச்சத்தையும் காமத்தையும் ஒருசேர விற்ற திரைப்படங்கள் பெருகின. குறைந்த முதலீட்டில் விரைந்து எடுக்கப்பட்ட இப்படங்களைக் 'கோதிக்' அச்சப்படங்கள் என வகைப்படுத்துவர். ஏறத்தாழ இதே காலப்பகுதியில் மலையாளத் திரையுலகமும் தனக்கென ஓர் அச்சப்பெண்ணை வடித்துக்கொண்டது. வெண்ணிறச் சேலையும் அவிழ்ந்த கூந்தலுமாக நள்ளிரவில் பாடிவரும் யட்சியே அவள்.

யட்சியைக் கேரளத்தின் 'டிராகுலா' எனக் கொள்வது எளிது. ஆயினும் அவளது குடிவழி ஐரோப்பியக் கோட்டைகளுக்குச் செல்வதன்று. அது தமிழ் மரபின் நீலியிடம் செல்வது. நீலி அச்சுறுத்துபவள் மட்டுமல்லள்; மன்றேறி வழக்குரைத்தவள். அவ்வழக்கு திரையில் என்னவாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் மரபில் நீலி

சிலப்பதிகாரத்தின் கட்டுரைகாதை ஒரு நீலியைக் காட்டுகிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகன், ஒற்றன் எனப் பழிசுமத்தப்பட்டுக் கொல்லப்படுகிறான். அவன் மனைவி நீலி தெருவெங்கும் முறையிட்டுப் பதினான்கு நாள் அலைந்து, மலையேறி வீழ்ந்து உயிர்விடுகிறாள். அவள் இட்ட சாபமே மறுபிறவியில் கோவலனைத் தொடர்ந்தது என மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைப்பதற்கு முன்னிகழ்வாக, கேட்பாரின்றிப் போன ஒரு பெண்ணின் முறையீட்டைக் காப்பியம் வைத்திருப்பது கருதத்தக்கது.

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் நீலி கதையே பலரும் அறிந்தது. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைப் பேயுருவில் தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வேளாளர் எழுபதின்மர் கூடிய மன்றத்தில், தன்னை மனைவியென ஏற்குமாறு வழக்குரைக்கிறாள். குழந்தை அவனைத் தந்தை எனத் தாவுகிறது. உங்கள் உயிருக்கு நாங்கள் பிணை எனச் சொல்லி வேளாளர் அவனை அவளோடு அனுப்புகின்றனர். அவன் இரவில் கொல்லப்படுகிறான். வாக்குத் தவறாத எழுபதின்மரும் தீப்புகுகின்றனர்.

இக்கதையில் நீலி சொல்வது முழுப்பொய் அன்று. அவன் அவளுக்குக் கணவனாயிருந்தவனே; ஆயினும் அது முற்பிறவியில். மன்றத்தால் இப்பிறவியின் சான்றுகளை மட்டுமே நோக்க முடியும். அவள் கொலையுண்ட பிறவியில் அவளுக்கென எந்த மன்றமும் கூடவில்லை என்பதே கதையின் அடித்தளம். ஆனால் மக்கள் வழக்கு, 'நீலிக் கண்ணீர்' என்னும் தொடரை மட்டும் எடுத்துக்கொண்டது. கண்ணீரின் பொய்மை நினைவில் நின்றது. கண்ணீருக்குக் காரணமான கொலை நினைவினின்று நீங்கியது. வேளாளர் வாய்மையைப் போற்றும் கதையாக இது வழங்கிவந்தமையும் இதற்கு ஒரு காரணம் எனலாம்.

பத்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சமணக் காப்பியமான நீலகேசி இதே நீலியை வேறொரு தளத்திற்கு உயர்த்துகிறது. சுடுகாட்டில் தவமிருந்த முனிச்சந்திரரின் நோன்பைக் கலைக்க, பழையனூர் நீலி அழகிய அரசமகளாக உருக்கொண்டு வருகிறாள். முனிவர் அவளை இனங்கண்டு அறம் உரைக்க, அவள் மாணாக்கியாகிறாள். பின்னர்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோரை வாதில் எதிர்கொள்கிறாள். மயக்க வந்த உடல் நூலின் தொடக்கத்திலேயே நீங்கிவிட, நூல் முழுவதும் அவளது சொல்லே நிற்கிறது.

நாஞ்சில் நாட்டு வழக்கில் கதை மேலும் விரிகிறது. தேவதாசி குலத்துப் பெண் ஒருத்தி, அணிகலன்களுக்காகக் காதலனாலேயே கள்ளிக்காட்டில் தலையில் கல்லிடப்பட்டு இறக்கிறாள். நீலியாகப் பிறந்து, மறுபிறவி எடுத்த அவனைப் பஞ்சவன்காட்டில் பழிதீர்க்கிறாள். இதனை வில்லுப்பாட்டு நெடிது பாடுகிறது. இயக்கி என்னும் சமணச் சொல் இசக்கி ஆகி, ஊர்தோறும் கோயில் கொண்ட பரப்பும் இதுவே. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் இதற்குச் சிறந்த சான்று.

நீலியிலிருந்து யட்சி

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்தது. பத்மநாபபுரம் அந்நாட்டின் பழைய தலைநகர். ஆகவே நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலி மலையாள மரபிலும் இடம்பெற்றதில் வியப்பில்லை. 1909 முதல் வெளிவந்த கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதீகமாலையில், பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட காட்டில் வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கிக் கொல்லும் யட்சி வருகிறாள். அவளை அடக்கியவர் கடமற்றத்துக் கத்தனார் என்னும் கிறித்தவப் பாதிரியார். அவர் அவள் தலையில் இரும்பாணி அறைந்து பணிப்பெண்ணாக்குகிறார். ஒரு மூதாட்டி பேன் பார்க்கையில் ஆணியைக் கண்டு பிடுங்க, யட்சி விடுதலை பெறுகிறாள். முடிவில் பனயன்னார்காவில் அடங்குகிறாள். மக்கள் வழக்கில் இவளும் கள்ளியங்காட்டு நீலியும் ஒருத்தியே.

இங்கு ஒரு மாற்றம் நிகழ்ந்திருப்பதைக் காணலாம். வில்லுப்பாட்டு நீலியின் கொலையிலிருந்து தொடங்குகிறது. கத்தனார் கதை யட்சியின் கொடுமையிலிருந்து தொடங்குகிறது. ஏன் யட்சியானாள் என்னும் வினா இரண்டாவதில் எழவே இல்லை. கதையின் தலைமை, வழக்குரைப்பவளிடமிருந்து அவளை அடக்குபவனிடம் சென்றுவிட்டது.

ஐரோப்பியத் திரை

ஐரோப்பியப் படங்களின் வேர் இலக்கியத்தில் உள்ளது. அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ பானுவின் 'கார்மில்லா' (1872), பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) ஆகிய இரண்டுமே அடிப்படை நூல்கள். இங்கிலாந்தின் ஹாம்மர் நிறுவனம் 1958இல் டெரன்ஸ் பிஷர் இயக்கத்தில் டிராகுலாவை வண்ணத்தில் எடுத்தது. இத்தாலியில் மாரியோ பாவாவின் 'லா மாஸ்கெரா டெல் டெமோனியோ' (1960) வெளிவந்தது. பிரித்தானியாவில் 'எக்ஸ்' சான்றிதழின் வயது வரம்பு 1970இல் 16இலிருந்து 18ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் கார்மில்லாவைத் தழுவிய 'தி வாம்பயர் லவர்ஸ்' திரைக்கு வந்தது. தொடர்ந்து ஜெஸ் பிராங்கோவின் 'வாம்பிரோஸ் லெஸ்போஸ்' (1971), பெல்ஜிய இயக்குநர் ஹாரி கூமெலின் 'டாட்டர்ஸ் ஆப் டார்க்னெஸ்' (1971) முதலியன வந்தன. தணிக்கை தளருந்தோறும் அச்சம் பின்வாங்கி உடல் முன்வந்தது.

இப்படங்களின் குருதி குடிக்கும் பெண் பெரும்பாலும் உயர்குடியினள். கோமகளாகவோ அவர்தம் வழியினளாகவோ வருகிறாள். அவளது பசி உழைப்பில்லாச் செல்வத்தின் பசி. அவளுக்கு எதிராக வழக்கு உண்டு, அவளுக்கென வழக்கில்லை. நீலியோ கொல்லப்பட்டவள். இவ்வேறுபாட்டைக் கருதாமல் இருவரையும் ஒப்பிடுவது பொருந்தாது.

மலையாளத் திரையில் யட்சி

வைக்கம் முகம்மது பஷீரின் 'நீலவெளிச்சம்' என்னும் சிறுகதையில், பேய்வீட்டில் குடியேறும் எழுத்தாளன், அங்கு இறந்துபோன பார்கவியோடு அன்பாய்ப் பேசுகிறான். அவள் தோன்றுவதேயில்லை, அணைந்துபோன விளக்கு நீலவொளி வீசுவதோடு கதை முடிகிறது. பஷீரே திரைக்கதை எழுத, ஏ. வின்சென்ட் இயக்கிய 'பார்கவி நிலையம்' (1964) இதனை விரித்தது. காதல் தோல்வியால் பார்கவி கிணற்றில் வீழ்ந்தாள் என ஊர் நம்புகிறது. அது கொலை என்பதை எழுத்தாளன் கண்டறிகிறான். நீலியின் வழக்கு இங்கு மீண்டும் எடுக்கப்படுகிறது. ஆனால் அதனை எழுதி அவளுக்கே படித்துக்காட்டுபவன் ஆண். பார்கவி பாடுகிறாள், சிரிக்கிறாள். வழக்குரைப்பது எழுத்தாளனின் பேனா.

மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் புதினத்தைத் தழுவி கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய 'யட்சி' (1968) மேலும் ஓரடி செல்கிறது. ஆய்வகத் தீநேர்ச்சியில் முகம் சிதைந்த கல்லூரி ஆசிரியன் சீனிவாசனை (சத்யன்) ராகிணி (சாரதா) மணக்கிறாள். தாழ்வுணர்ச்சி முற்றிய அவன், இவ்வளவு அழகி தன்னை விரும்புவதாயின் அவள் யட்சியாகவே இருக்கவேண்டும் என ஐயுற்று, முடிவில் அவளைக் கொல்கிறான். இங்கு யட்சி என்பது ஆணின் மனத்தில் எழும் குற்றச்சாட்டு. பழையனூரில் பெண் வாதி. இங்குப் பெண் எதிர்வாதி. நடுவனும் கொலைஞனும் கணவன் ஒருவனே. யட்சி மரபைப் பயன்படுத்தி அம்மரபையே விசாரித்த படம் என இதனைச் சொல்லலாம்.

நடிகை ஷீலா இயக்கிய 'யட்சகானம்' (1976), பேபி இயக்கிய 'லிசா' (1978), எம். கிருஷ்ணன் நாயரின் 'கள்ளியங்காட்டு நீலி' (1979) ஆகியன அடுத்து வந்தவை. 'யட்சகானம்' துரை இயக்கத்தில் 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978) எனத் தமிழுக்கு வந்தது. நாஞ்சில் நாட்டில் புறப்பட்ட ஆவிமரபு, திரைவழியே தமிழுக்குத் திரும்பியதாகவும் இதனைக் கொள்ளலாம்.

தணிக்கையும் குரலும்

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் 'யு', 'ஏ' என்னும் இரு சான்றிதழ்களையே அளித்தது. முத்தக் காட்சிக்கு இடமளிக்கலாம் எனக் கோஸ்லா குழு 1969இல் பரிந்துரைத்தது. ஆயினும் முன்தணிக்கை செல்லும் என 1970இல் கே. ஏ. அப்பாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1969இல் மலம்புழைத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் வடித்த ஆடையற்ற யட்சி சிலை எதிர்ப்பை மீறி நின்றது. திரையில் அத்தகைய உடலுக்கு இடமில்லை. ஐரோப்பியப் படங்கள் உடலால் சொன்னதை மலையாளப் படங்கள் பாட்டால் சொல்ல நேர்ந்தது. பார்கவி நிலையம், யட்சகானம், கள்ளியங்காட்டு நீலி ஆகிய மூன்றிலும் எஸ். ஜானகியின் குரல் ஒலிப்பது இவ்வகையில் கருதத்தக்கது.

மன்றத்தில் முறையிட்ட அதே குரல், திரையில் மயக்கும் குரலாயிற்று. தணிக்கை காமத்தை உடலினின்று விலக்கிக் குரலில் ஏற்றியது. குரல் காமத்தால் நிரம்பியபின் அதில் வழக்குரைக்க இடம் குறைந்தது எனக் கருத இடமுண்டு.

காக்கநாடும் 1984ஆம் ஆண்டும்

கத்தனாரின் கடமற்றம் எறணாகுளம் மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டத்தின் தலைமையிடமான காக்கநாட்டில்தான் அப்பச்சனின் நவோதயா படப்பிடிப்பகம் அமைந்தது. 1984இல் மலையாள அச்சமரபு மூன்று கிளைகளாகப் பிரிந்ததைக் காணலாம். 'கடமற்றத்தச்சன்' யட்சியை அடக்கும் பாதிரியாரின் புகழைப் பாடியது. ஏ. வின்சென்ட்டின் 'ஸ்ரீகிருஷ்ணப்பருந்து', காமத்துக்கு ஆட்பட்டால் ஆற்றல் இழக்கும் மந்திரவாதியின் வீழ்ச்சியைக் காட்டி, ஐரோப்பிய வகைக்கு மிக அணுகி வந்தது. காக்கநாட்டு நவோதயா, ஜிஜோ இயக்கத்தில், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தைத் தந்தது.

மூன்றாவது படத்தில் மந்திரவாதியின் அடிமையான ஆவியைக் குழந்தைகள் விடுவிக்கின்றனர். ஆவி கொடியதன்று, அடிமைப்படுத்தப்பட்டது என்னும் கருத்து இதன் உயிர்நாடி. கத்தனார் கதையில் மூதாட்டி ஆணியைப் பிடுங்கிய செயலுக்கு நிகராக இதனைக் கொள்ளலாம். ஆயினும் இவ்விடுதலை ஆண் குழந்தை வடிவான சாத்தானுக்கே கிடைத்தது. அவ்வாண்டின் பெண்ணாவி அடக்கப்படுபவளாகவும் மயக்குபவளாகவுமே எஞ்சினாள்.

மீண்டும் நீலி

டொமினிக் அருண் இயக்கிய 'லோகா: அத்தியாயம் ஒன்று – சந்திரா' (2025) கள்ளியங்காட்டு நீலியை இன்றைய பெங்களூருக்குக் கொண்டுவந்தது. கோயிலுள் நுழைந்தமைக்காகத் தன் மக்களை அரசனின் படையிடம் இழந்த பழங்குடிச் சிறுமியாக அவள் இதில் காட்டப்படுகிறாள். வௌவாலால் ஆற்றல் பெறுவதும் குருதியால் உயிர்வாழ்வதும் ஐரோப்பிய மரபின் கொடை. இழைக்கப்பட்ட அநீதியிலிருந்து அவள் பிறப்பது நாஞ்சில் மரபின் கொடை. தேவதாசி குலத்துப் பெண் பழங்குடிச் சிறுமியானமை, வழக்கைக் கணவனிடமிருந்து சாதியிடமும் அரசிடமும் மாற்றியிருக்கிறது. நீலி ஏன் நீலியானாள் என்னும் வினாவைப் பெருந்திரள் மக்கள் முன் மீண்டும் எழுப்பிய வகையில் இப்படம் குறிப்பிடத்தக்கது. எனினும் அவளுக்குத் திரை அளித்தது போர்க்களமே, மன்றம் அன்று.

முடிவுரை

ஐரோப்பியக் கோதிக் படங்களின் அழகி பிறர் குருதியால் வாழ்பவள். நீலி தன் குருதிக்கு விடை கேட்பவள். சிலம்பு அவளது முறையீட்டைக் காட்டியது. பழையனூர்க் கதை அவளை மன்றேற்றியது. நீலகேசி அவளை வாதியாக்கியது. வில்லுப்பாட்டு அவள் கொலையைப் பாடியது. கத்தனார் கதையிலும் தணிக்கைக்குட்பட்ட திரையிலும் அவள் முறையே அடக்கப்படுபவளாகவும் பாடுபவளாகவும் சுருங்கினாள். 'பார்கவி நிலையம்', 'யட்சி' ஆகிய இரு படங்கள் அச்சுருக்கத்தை உள்ளிருந்தே ஐயுற்றமையால்தான் இன்றும் பொருளுடையனவாக நிற்கின்றன.

யட்சிப் படங்களை மேலை வகைமைகளோடு மட்டும் ஒப்பிடும் ஆய்வு, அவற்றின் உருவத்தை விளக்கும். அவற்றில் இழக்கப்பட்டதை விளக்காது. அதனை அறிய, நீலி கதையின் வில்லுப்பாட்டு வடிவங்களையும் நீலகேசியின் தருக்கத்தையும் திரைப்படங்களோடு அருகருகே வைத்துப் பயிலுதல் வேண்டும். 'நீலிக் கண்ணீர்' எனக் கூறும்போதெல்லாம் தமிழ் பேசுவோர் ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகின்றனர். அத்தீர்ப்புக்கு முன் நிகழ்ந்த கொலையையும் சேர்த்துப் படிப்பது தமிழாய்வின் கடமையாகும்.