இங்கிலீஷ் உங்களுக்கு இரண்டாம் மொழியா, அயல்மொழியா?

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம் நின்னு பாருங்க. ஜெர்மனிக்காரரும் ஆட்டோ அண்ணனும் இங்கிலீஷில் வாடகை பேசிட்டிருப்பாங்க. ரெண்டு பேருக்குமே அது தாய்மொழி இல்லை. ஆனாலும் வித்தியாசம் இருக்கு. கோர்ட், பேங்க், ஆபீஸ் என ஊருக்குள்ளேயே புழங்கினால் 'இரண்டாம் மொழி'. இந்தியா அப்படி. ஜெர்மனி, ஜப்பான் மாதிரி பெரும்பாலும் பாடமாகப் படித்தால் 'அயல்மொழி'. 1985-ல் மொழியியலாளர் பிரஜ் கச்ரு போட்ட கணக்கிலும் இந்தியாவும் ஜப்பானும் வேற வேற வட்டம்தான்.

ஏட்டளவில் சரி. ஜவ்வாது மலை கிராமத்து மாணவிக்கோ, பீரியட் முடிஞ்சா இங்கிலீஷ் காதிலேயே விழாது. அவருக்கு அது அயல்மொழிதான். கிராமரை ஒப்பிச்சு மார்க் வாங்கிடுவார், பேச்சு வராது. ஆட்டோ அண்ணனுக்கு நேரெதிர். பேச்சு சரளம், பேங்க் ஃபார்ம் நிரப்பத்தான் திணறல். இவங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸை விற்கிறதுதான் வேடிக்கை. மாணவிக்குத் தேவை தினமும் பேச ஒரு ஆள். அண்ணனுக்கு எழுத்துப் பயிற்சி.